ஆயில் ரேடியேட்டர் ஹீட்டர்: மூணாறு குளிருக்கு வாங்கலாமா, கரண்ட் பில் என்னாகும்?

மொதல்லயே சொல்லிடுறேன், 5க்கு 3.5 குடுப்பேன். சாமான் நல்ல சாமான்தான். ஆனா இத வாங்குனா கரண்ட் மிச்சம்னு கடைல எவனாவது சொன்னா சிரிச்சிட்டு தலைய ஆட்டிட்டு வந்துருங்க. மிச்சம் பிடிக்கணும்னா எந்த ரூம சூடு பண்றோம், எந்த ரூம சாத்திப் போடுறோம்ங்கிறதுலதான் பிடிக்க முடியும். பொறுமை இல்லாதவங்க நேரா மீட்டர் கணக்கு வர்ற எடத்துக்கு எறங்கிப் போயிருங்க, நான் கொஞ்சம் இழுத்துதான் எழுதுவேன்.

எங்க வீடு தேவிகுளம் பக்கம். அப்பா எஸ்டேட்ல ரிட்டயர் ஆனதும் லயத்த (எஸ்டேட் குடுத்த லைன் வீட்ட) ஒப்படைச்சிட்டு கட்டுன வீடு, கீழ ஹால், ஒரு பெட்ரூம், அடுக்களை, மேல ரெண்டு ரூம். மேல உள்ளது ரெண்டும் வருஷத்துல முக்காவாசி சும்மாதான் கெடக்கும், அண்ணனும் மதினியும் கோயம்புத்தூர்ல, பொங்கலுக்கும் மே மாச லீவுக்கும் வந்தா உண்டு, தங்கச்சி நர்ஸ் வேலைக்கு வட அயர்லாந்து போயி அங்கயே செட்டில் ஆயிட்டா. கீழ அப்பா, அம்மா, நான்.

மூணாறு குளிர் டூரிஸ்ட்டுக்கு ஸ்வெட்டர் போட்டு போட்டோ எடுக்குற விஷயம், ரெண்டு நாள்ல எறங்கிப் போயிருவாங்க. இங்கயே கெடக்குறவங்களுக்கு டிசம்பர் கடைசில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும் காலைல டைல்ஸ்ல கால வைக்க முடியாது. செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை எஸ்டேட் பக்கமெல்லாம் சில வருஷம் ஜனவரில மைனஸ்ல போயி புல்லு மேல உப்பு கொட்டுன மாதிரி உறைபனி கெடக்கும், தேயிலை கொழுந்து கருகிப் போகும். எங்க பக்கம் அந்த அளவுக்கு இல்லனாலும் கீழ பெட்ரூம்ல ராத்திரி 12, 13 டிகிரி காட்டும், அம்மாவுக்கு முட்டு வலி வேற, படுத்தா எந்திரிக்க முடியல.

லயத்துல இருந்த காலத்துல கிராண்டிஸ் (யூகலிப்டஸ்) வெறக வச்சே ஓட்டியாச்சு, சாயங்காலம் எல்லாரும் அடுப்படியிலதான் இருப்போம், புகை போறதுக்கு வழி இருக்கும். இப்ப சில பேரு இரும்புச் சட்டில கரித்தணல் போட்டு பெட்ரூம்ல வச்சு கதவ சாத்திக்கிறாங்க, தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. கார்பன் மோனாக்சைடு வாடையே வராது, தூக்கத்துலயே ஆள முடிச்சிரும். ஹீட்டர் வாங்குறதா இல்லையாங்கிறது அப்புறம், இது உசிர் விஷயம்.

சரி ஹீட்டருக்கு வருவோம். 9 ஃபின் (சூடு வெளிய விடுற தகடு), 2000 வாட், விலை பத்தாயிரத்துக்கு கொஞ்சம் கீழ வந்துச்சு. கம்பெனி பேரு போடல, ஏன்னா கடைசில ஒரு பொலம்பல் இருக்கு. கடைல சேட்டன் "இது ஆயில்ல ஓடுறதாக்கும், கரண்ட் அவ்வளவு எடுக்காது"ன்னு ரொம்ப தன்மையா சொன்னாரு. அந்த ஆயில் எரியவே எரியாது. உள்ள சீல் பண்ணி வச்சிருக்கும், காலத்துக்கும் மாத்தவோ ஊத்தவோ வேண்டாம். உள்ள உள்ள காயில் ஆயில சூடாக்குது, ஆயில் ஃபின்ன சூடாக்குது, ஃபின் ரூம சூடாக்குது, அவ்ளோதான். எரியிறது முழுக்க கேஎஸ்இபி (கேரளா கரண்ட் போர்டு) கரண்ட்தான். 1 யூனிட் கரண்டுக்கு கெடைக்கிற சூடு ஆயிரம் ரூவா ப்ளோயர்லயும் அதேதான், பத்தாயிரம் ரூவா ரேடியேட்டர்லயும் அதேதான். கம்மி கரண்டுல அதிக சூடு வேணும்னா சூடும் குடுக்குற டைப் இன்வெர்ட்டர் ஏசிதான், அது வெளிய உள்ள காத்துல இருந்து சூட்ட உள்ள இழுத்துட்டு வர்றதால ஒரு யூனிட்டுக்கு ரெண்டு மூணு மடங்கு குடுக்கும், ஆனா அதுக்கு உள்ள காசு எங்ககிட்ட இல்ல.

அப்ப எதுக்கு ரேடியேட்டர்னு கேட்டா, சத்தம் கெடையாது, கண்ணுக்கு குத்துற செவப்பு வெளிச்சம் கெடையாது, காத்த அடிச்சு மூக்கு தொண்டைய காய வைக்காது, ராத்திரி முழுக்க ஓடுனாலும் ஹாலோஜன் கம்பி மாதிரி போர்வை பட்டு பத்திக்குமோன்னு முழிச்சிட்டு கெடக்க வேண்டாம். போட்டதும் சூடு வராது, அது குறைதான், ரூம் மாறுறது தெரிய அரை மணி முக்கா மணி ஆகும். அதே நேரம் ஆஃப் பண்ணாலும் ஒடனே ஆறாது, எங்க ஊர்ல மழை காத்துன்னா கரண்ட் போறது சகஜம், போன பெறகும் அரை மணி நேரம் வெதுவெதுப்பு இருக்கும். இன்வெர்ட்டர்ல ஓட்டலாமான்னு கேக்குறவங்களுக்கு, வீட்டுல உள்ள சாதா இன்வெர்ட்டர் 2000 வாட் தாங்காது, கேக்கவே வேண்டாம்.

முதல் தடவ போடும்போது ஒரு பெயிண்ட் வாடை வரும், ஜன்னல தொறந்து வச்சு ஃபுல்லா ஓட்டி விடுங்க போயிரும். ஜீப்புல படுக்க வச்சு கொண்டு வந்திருந்தா நிமித்தி வச்சு ஒரு மணி நேரமாவது கழிச்சுதான் போடணும், ஆயில் கீழ எறங்கி காயில மூடணும். சூடாகும்போதும் ஆறும்போதும் டிக் டிக்னு தகரம் விரியிற சத்தம் வரும், எங்க அப்பா மொத ராத்திரி எந்திரிச்சு கௌளி எங்கன்னு தேடுனாரு.

தெர்மோஸ்டாட் பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா வாங்குற பாதி பேரு இத தப்பாதான் திருப்புறாங்க. என் மாடல்ல டிகிரி நம்பர் கெடையாது, மினிமம்ல இருந்து மேக்ஸிமம் வரைக்கும் வெறும் கோடு. 800, 1200, 2000ன்னு பவர் மாத்துற சுவிட்ச் தனி. மேக்ஸ்ல வச்சா சீக்கிரம் சூடாகும்னு நெனச்சு விட்டுட்டா அது நிக்காம ஓடிட்டே இருக்கும். மொதல்ல ரெண்டையும் மேல வச்சு ரூம் போதும்னு தோணுற வரைக்கும் விடுங்க, அப்புறம் அந்த டயல மெதுவா கீழ கொண்டு வாங்க, ஒரு எடத்துல 'டக்'னு சத்தம் கேட்டு லைட் அணையும், அங்கயே நிப்பாட்டிருங்க. அதுக்கப்புறம் ரூம் கொஞ்சம் ஆறுனா தானா போடும், சூடானா தானா அணைக்கும். நான் அந்த எடத்துல நெயில் பாலிஷ்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன், அம்மாவே திருப்பிக்குவாங்க. கூட ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மோமீட்டர், டிகிரியும் காத்துல உள்ள ஈரமும் ரெண்டும் காட்டுற மாதிரி உள்ளத வாங்கிக்கோங்க, சில நூறு ரூவாதான், அது இல்லாம இந்த ஹீட்டர் குருட்டு வேலை.

இனி மீட்டர் கணக்கு. எங்க வீட்டு கீழ ஹாலும் பெட்ரூமும் சேர்ந்த மாதிரி, நடுவுல கதவு. ஹால்ல இருந்தே மேல படி போகுது. ஆரம்பத்துல ஹால்ல ஹீட்டர வச்சு பெட்ரூம் கதவையும் தொறந்து வச்சா எல்லா எடமும் சூடாகும்னுதான் வீட்டுல எல்லாருக்கும் எண்ணம். ஆகல. சூடு காத்து மேல ஏறி படி வழியா ஆளே இல்லாத மேல் ரூமுக்கு போயி அங்க உள்ள தகரக் கூரைய சூடு பண்ணிட்டு இருந்துச்சு. ராத்திரி படுக்கப் போகும்போது மீட்டர பாத்து குறிச்சு வச்சு காலைல எழுந்ததும் பாத்தேன், ஃப்ரிட்ஜும் சேர்த்து பத்து யூனிட்டுக்கு மேல, பெட்ரூம் 16 டிகிரிய தாண்டல. அதே குளிர்ல ஹீட்டர பெட்ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்தி, 1200ல வச்சு ஓட்டுனா அஞ்சு யூனிட் பக்கம் வந்துச்சு, ரூம் 19 காட்டுச்சு. ஹீட்டர் அதே ஹீட்டர்தான்.

இந்த அஞ்சும் பத்தும் கேரளாவுல ரொம்ப முக்கியம், ஏன்னு சொல்றேன். இங்க வீட்டு கரண்ட் மாசம் 250 யூனிட் வரைக்கும் படிப்படியா, ஒவ்வொரு படிக்கும் அதுஅதுக்கு உள்ள ரேட்டு. 250ஐ தாண்டிட்டா அந்த படிக்கணக்கு இல்ல, மொத யூனிட்ல இருந்து மொத்தத்துக்கும் ஒரே ரேட்டு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்க ரீடிங் எடுக்குறதால 500ன்னு வச்சுக்கோங்க. எங்க வீட்டுல ஹீட்டர் இல்லாம மாசம் 90 யூனிட் பக்கம் ஓடும். ராத்திரிக்கு 5 யூனிட்னா மாசம் 150, சேர்த்து 240, கோட்டுக்கு உள்ள. ராத்திரிக்கு 10னா மாசம் 300, சேர்த்து 390, அப்ப கூடுன 150 யூனிட்டுக்கு மட்டும் காசு கூடாது, ஃபிரிட்ஜுக்கும் லைட்டுக்கும் எரிச்ச யூனிட்டுக்கும் சேர்த்து ரேட்டு ஏறிரும். தமிழ்நாட்டுல போடில இருக்குற மாமா அங்க குடுக்குற ஃப்ரீ யூனிட்ட வாங்கிட்டு "ஒரு ஹீட்டருக்கு போயி இம்புட்டு கணக்கா மாப்ள"ன்னு கேக்குறாரு, அவருக்கென்ன, அங்க ஃபேன் போடுற ஊரு.

அதனால நாங்க இப்ப பண்றது, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குடும்பமே பெட்ரூமுக்கு குடி போயிரும். டிவிய அங்க மாத்தியாச்சு, அப்பாவுக்கு ஒரு சேர், சாப்பாடும் அங்கதான். விருந்தாளி வந்தா கொஞ்சம் சங்கடமாத்தான் இருக்கு. மேல் ரூமுக்கு போற படி வாசல்ல கதவு கெடையாது, அதனால கனமான திரைத்துணி ஒண்ணு தரை வரைக்கும் தொங்குற மாதிரி போட்டோம், அதுவே ஹால்ல நல்ல வித்தியாசம். பெட்ரூம் கதவுக்கு அடியில உள்ள சந்துக்கு அம்மாவோட பழைய சேலைய சுருட்டி வச்சிருக்கோம். ஜன்னலுக்கு மேல கேரளா வீடுங்கள்ல வென்டிலேட்டர்னு எப்பவும் தொறந்தே கெடக்குற ஓட்டை இருக்கும்ல, சூடு காத்து மேலதான நிக்கும், அது நேரா அது வழியா மாட்டுப்பெட்டி டேமுக்கு டூர் போயிரும். நாலுல மூணுக்கு பிளைவுட் துண்டு வெட்டி அடைச்சோம், ஒண்ண மட்டும் விட்டுருக்கு, மூணு பேரு படுக்குற ரூம்ல காத்து போக்குவரத்து கொஞ்சமாவது வேணும். இவ்ளோத்துக்கும் சேர்த்து ஆயிரம் ரூவா கூட ஆகல, பத்தாயிரம் ரூவா சாமான விட இதுக்குதான் நான் அஞ்சு ஸ்டார் குடுப்பேன்.

இந்த சாத்திப்போடுற வேலைய மொதல்ல சொல்லிக் குடுத்தது தங்கச்சிதான். அங்க வட அயர்லாந்துல பாதிக்கு மேல வீடுங்களுக்கு ஹீட்டிங்கே மண்ணெண்ணெய்தான், கேக்க ஆச்சரியமா இருந்துச்சு, நம்ம ரேஷன் கடைல வாங்குன அதே ஜாதி. வீட்டுக்கு பின்னாடி பிளாஸ்டிக் டேங்க் இருக்கும், லாரி வந்து 500 லிட்டர் 900 லிட்டர்னு அடிச்சிட்டு போவான், அத பாய்லர் எரிச்சு தண்ணிய சூடாக்கி ரூம் ரூமா உள்ள ரேடியேட்டருக்கு பைப்புல அனுப்பும். ரேடியேட்டர் ஓரத்துல 1ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்ட ஒரு திருகு, உள்ள மெழுகோ திரவமோ இருக்கும், ரூம் சூடானா அது விரிஞ்சு ஊசிய அமுக்கி தண்ணி வர்ற வழிய அடைக்கும். அவ புள்ளைங்க ரெண்டும் ஒரே ரூம்ல படுக்குறதால ஒரு ரூம் சும்மா, அங்க அவ முழுசா அடைக்கல, பனித்துளி படம் போட்ட மார்க்ல வச்சிருக்கா, அது ஏழு டிகிரி சுமாருக்கு கீழ போகாம பாத்துக்கும், பைப் உறையாது.

"முழுசா அடைச்சா இன்னும் மிச்சம்தானடி"ன்னு கேட்டேன். "அண்ணே, அந்த ரூம் செவுரு ஐஸாயிரும், நான் இங்க துணி காயப் போடுறது, சமைக்கிற ஆவி எல்லாம் போயி அங்க தண்ணியா எறங்கும், அப்புறம் கருப்பு கருப்பா பூஞ்சை, அத தொடைக்க யாரு வருவா"ன்னா. அதனால ரூம் கதவு எப்பவும் சாத்தியே இருக்கணும், சூடு குறைச்ச ரூம தொறந்து போட்டா ரெண்டும் கெட்டது. அதே மாதிரி ஹால்ல செவுத்துல தெர்மோஸ்டாட் இருந்தா அங்க உள்ள ரேடியேட்டர அடைக்கக் கூடாது, அடைச்சா ஹால் சூடே ஆகாது, பாய்லர் "இன்னும் குளிருது"ன்னு நெனச்சு எரிஞ்சிட்டே இருக்கும், எண்ணெய் மிச்சம் பண்ணப் போயி டேங்க் காலி. எல்லாத்தையும் அடைச்சு ஒண்ண மட்டும் வச்சாலும் பாய்லர் ரெண்டு நிமிஷம் எரியிறதும் நிக்கிறதுமா இழுக்கும், அதுவும் வேஸ்ட். இன்னொண்ணு, நாலு ரூம்ல ஒண்ண அடைச்சா நாலுல ஒரு பங்கு எண்ணெய் மிச்சம் ஆகாது, நடுச்செவுரு வழியா பக்கத்து ரூம் சூடு கொஞ்சம் அங்க கசிஞ்சிட்டேதான் இருக்கும். நம்ம வீட்டுலயும் அப்டித்தான், சும்மா கெடக்குற ரூம ஒட்டுன செவுத்துப் பக்கம் கட்டில போடாம நடுவுல இழுத்துப் போட்டா குளிர் கம்மியா தெரியும், செலவில்லாத வேலை.

பூஞ்சை விஷயம் நம்ம ஊருக்கு டபுளா பொருந்தும். அங்க குளிர்காலத்துல வர்ற பிரச்சன இங்க ஜூன் ஜூலை ஆகஸ்ட்ல வரும், மழை பிச்சு ஒதறும்போது மேல் ரூம சாத்திப் போட்டா பீரோல உள்ள மதினியோட பட்டுச்சேலைல இருந்து செருப்பு வரைக்கும் வெள்ளையா பூத்துரும். ஜனவரில சாத்துறது சரி, காத்து காய்ஞ்சு இருக்கும். மழைக்காலத்துல வெயில் எட்டிப் பாக்குற அன்னைக்கு மேல ஜன்னல தொறந்து விட்டுருவோம், ரொம்ப ஈரம் காட்டுனா அப்பப்போ ஹீட்டர மேல தூக்கிட்டுப் போயி 800ல ஒரு ரெண்டு மணி நேரம். தூக்கிட்டுப் போறதுன்னு சுலபமா சொல்லிட்டேன், பத்து கிலோவுக்கு மேல வெயிட்டு, ஆறுன பெறகுதான் தொடணும்.

ஆனா ஒண்ணு, தூங்குறதுக்கு மட்டும்தான் சூடு வேணும்னா இது வேண்டவே வேண்டாம். மெத்தை மேல விரிக்கிற எலக்ட்ரிக் பெட் வார்மர் 100 வாட் சொச்சம்தான் எடுக்கும், ரூமுக்கு பதிலா ஆள நேரா சூடு பண்ணுது, ராத்திரி முழுக்க போட்டாலும் ஒரு யூனிட் ஆகுறதே பெருசு. நான் அதுலதான் படுக்குறேன். அம்மாவுக்கு ஒத்து வரல, எந்திரிச்சு பாத்ரூம் போகும்போது முட்டு பிடிச்சுக்குது, ரூமே சூடா இருந்தாதான் அவங்களுக்கு நடக்க முடியுது. வயசானவங்க, கைக்குழந்தை, பிரசவத்துக்கு வந்த பொண்ணு, இவங்க இருக்குற வீட்டுக்கு ரேடியேட்டர் வொர்த். மத்தவங்க வார்மரும் வெந்நீர் பையும் வச்சு ஓட்டிருங்க.

வாங்குறவங்க 16 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் ரூம்ல இருக்கான்னு பாத்துட்டு வாங்குங்க. எங்க பெட்ரூம்ல 6 ஆம்ப்ஸ்தான் இருந்துச்சு, வயரிங் பண்ற அண்ணன வர வச்சு தனி லைன் இழுத்து எம்சிபி (லோடு கூடுனா தானா விழுற சுவிட்ச்) போட்டோம், அதுக்கு தனி காசு, கடைல யாரும் இத சொல்ல மாட்டாங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகி ஓட்டுறத பல வீட்டுல பாக்குறேன், பிளக்க தொட்டா சுடும், கருகிப் போயிருக்கும். ஹீட்டர் மேல ஈரத்துணி போடாதீங்க, அதுக்குன்னு கம்பி ஸ்டாண்ட் வச்ச மாடல் வருது, அத வாங்குங்க.

பொலம்பல் சொல்றேன்னேன்ல. அடியில மாட்டுற வீல் பிளாஸ்டிக், சிமெண்ட் தரைல நாலு தடவ உருட்டுனா உடையிற ரகம், உடைஞ்சிருச்சு. வாரண்டி இருக்கேன்னு கூப்பிட்டா எர்ணாகுளத்துல இருந்துதான் ஆள் வரணுமாம், "மூணாறு எங்க ஏரியா லிஸ்ட்ல இல்ல சார்"னு ஒரு பொண்ணு. குளிர் உள்ள ஊரு லிஸ்ட்ல இல்லனா ஹீட்டர யாருக்கு விக்கிறாங்கன்னு தெரியல, கொச்சில எவன் ஹீட்டர் போடுறான்? கடைசில மார்க்கெட்ல வெல்டிங் போடுற பையன் சின்ன இரும்பு வீல் வச்சு குடுத்தான், முன்ன விட நல்லா ஓடுது. அந்த ஒண்ணரை ஸ்டார் அதுக்கும் டிகிரி போடாத டயலுக்கும் சேர்த்து கொறைச்சது.

இன்னொரு ஹீட்டர் மேல் ரூமுக்கு வாங்குன்னு அண்ணன் சொல்றான், பொங்கலுக்கு வந்தா புள்ளைங்களுக்கு குளிருதாம். நாலு நாளைக்கு பத்தாயிரமா, அவங்கள கீழ பெட்ரூம்ல படுக்கச் சொல்லியாச்சு, நான் வார்மர தூக்கிட்டு மேல போயிருவேன். மழை விட்டதும் மேல் ரூமுக்கு தகரத்துக்கு அடியில சீலிங் அடிக்கணும், ஆசாரிட்ட சொல்லி வச்சிருக்கேன், அவரு எப்ப வர்றாரோ.